நாலாவது தந்தி

கச்சேரி இசைத்தட்டுகளில், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் தம்புரா மட்டும் தனித்து ஒலிக்கின்ற ஓர் அரை நிமிஷம் சில சமயம் நமக்குக் கிடைப்பதுண்டு. வித்துவான் தொண்டையைச் சரிசெய்துகொள்வதும், வயலின்காரர் வில்லை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும், மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு விரல் மெல்லத் தட்டிச் சுருதி பார்ப்பதும் அந்த மீட்டலின்மேல் வந்து வந்து விழும். பாட்டைக் காட்டிலும் அந்த அரை நிமிஷத்தின் பேரில் எனக்குப் பற்று அதிகம் என்று சொன்னால் சங்கீத ரசிகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகளும் கிரமமாக எழுந்து, ஒன்றின் கார்வை அடங்குமுன் அடுத்தது அதன்மேல் படர்ந்து, எது முதல் எது முடிவு என்று பிரித்தறிய முடியாதபடி சுழன்றுகொண்டிருக்கும் அந்த நாதத்தில், உற்றுக் கேட்பவனுக்கு நான்கு தந்திகளும் நான்காகவே கேட்கவேண்டும். என் வீட்டில் அவ்வாறு கேட்கவில்லை. நாலாவது தந்தி மற்ற மூன்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது.

மந்தர சட்ஜத்தை விரல் தொடும் ஒவ்வொரு தடவையும் அறைக்குள் ஒரு குமுறல் எழுந்து, அடுத்த சுற்றின் பஞ்சமத்தையும் மூடிக்கொண்டு நிற்கும். அதே கனம் மிருதங்கத்தின் தொப்பியிலும் ஏறி, ‘தொம்’ என்ற சொல் விழவேண்டிய இடத்தில் ஒரு மூட்டை விழுவதைப்போல் இருக்கும். குற்றம் இயந்திரத்தில்தான் என்று நான் திடமாக நம்பினேன். ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன், இசைத்தட்டில் ஓடும் ஊசியை மாற்றினேன், கடைக்காரர் ஒருவர் கம்பியின் பேரில் பழியைப் போட, கம்பியையும் மாற்றினேன். இரண்டு வருஷ காலம் இப்படிச் சென்றது. இதில் என்னை மிகவும் குழப்பிய விஷயம் என்னவென்றால், ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவர்களின் தட்டுகளில் இருந்த அந்தக் குமுறல், இரண்டு கட்டையில் பாடுகிறவர்களின் தட்டுகளில் அவ்வளவாக இல்லை என்பதே. ஆகவே சில தட்டுகளின் ஒலிப்பதிவையும் மனத்துக்குள் குறைகூறிவந்தேன். அந்தக் கலைஞர்களுக்கும், அதைப் பதிவு செய்தவர்களுக்கும் நான் செய்த அபசாரம் அது.

என் அறை பதினேழடி நீளம், பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம். மொசைக் தரை, சுண்ணாம்புப் பூச்சுள்ள கெட்டியான செங்கல் சுவர்கள், ஒரு பக்கத்தில் இரண்டு ஜன்னல்கள், எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. நம் வீடுகளில் சாமான்களுக்குச் சுவரோரமே இடம். அறையின் நடுப்பகுதி மனிதர் நடமாடவும், பந்தி போடவும், இரவில் பாய் விரிக்கவும் ஒழிந்திருக்க வேண்டும் என்பது நம் இல்லங்களின் எழுதாத சட்டம். அது நல்ல சட்டமும்கூட. அதை அனுசரித்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் குறுக்குச் சுவரின் இரண்டு மூலைகளில் தரைமேல் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நேர் எதிரே, மறுகோடிச் சுவரில் முதுகு உரச, என் சாய்வு நாற்காலி கிடந்தது. அழகாகத்தான் இருந்தது.

திருச்சி வானொலி நிலையத்தில் பல ஆண்டுகள் ஒலிப்பதிவுப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது என் பாக்கியம். 1939ல் தொடங்கிய அந்த நிலையத்தின் பழைய கலைஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு மாலைப்பொழுது போவது தெரியாது. ஒருநாள் என் சங்கடத்தைச் சொன்னேன். மறுநாள் காலையில், ஒன்றரை வோல்ட் பாட்டரி ஒன்றும், தச்சர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றும், சட்டைப் பையில் ஒரு சாக்குக் கட்டியுமாக வந்து நின்றார். முதலில் கம்பிகளைக் கழற்றி, பாட்டரியின் இரு முனைகளையும் அவற்றில் ஒரு கணம் தொட்டார். ‘டப்’ என்ற சிறு சப்தத்துடன், கீழ்ஸ்தாயி ஒலிக்கான ஊஃபரின் காகிதக் கூம்பு ஒரு நூல் அளவு முன்னே வந்து நின்றது. மற்றப் பெட்டியிலும் அவ்வாறே முன்னே வந்தது. ஒன்று முன்னே வர மற்றது உள்ளே போயிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்றும், பாதி வீடுகளில் கோளாறு இவ்வளவுதான் என்றும், இங்கே அது சரியாகவே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, “தம்புராவை ஓட விடுங்கள், நீங்கள் எழுந்திருங்கள்” என்றார்.

எழுந்தேன். நாற்காலி இருந்த சுவரிலிருந்து எதிர்ச் சுவரை நோக்கி, அடிமேல் அடி வைத்து, நாலாவது தந்தியை மட்டும் கவனித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். சுவரோரத்தில் வழக்கமான அந்தக் குமுறல். இரண்டடி நகர்ந்தேன், சற்றுத் தணிந்தது. நாலடியைத் தாண்டிக் கால் வைத்த இடத்தில் மந்தர சட்ஜம் இல்லாமலே போயிற்று. தந்தியை மீட்டுவது தெரிகிறது, அதன் மேலோசைகள் ரீங்காரமிடுகின்றன, அடியில் இருக்கவேண்டிய கனம் மட்டும் காணோம். திகைத்து மேலும் நடந்தேன். அறையின் நட்டநடுவில் குமுறல் மறுபடி எழுந்தது. அதையும் தாண்டி நாலடி போனால் மறுபடி மறைந்தது. பெட்டிகள் இருந்த சுவரை நெருங்க நெருங்க மறுபடி பெருகிற்று. ஒரே தட்டு, ஒரே இயந்திரம், ஒரே தந்தி. பதினேழடிக்குள் மூன்று இடத்தில் அது இருந்தது, இரண்டு இடத்தில் இல்லை. அன்றுவரை நாற்பது வருஷம் அந்த அறையில் நடமாடியவன் நான்.

பெரியவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே காரணத்தை விளக்கினார். காற்றில் ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 1,130 அடி செல்கிறது. ஒரு கட்டைச் சுருதிக்குக் கூட்டிய ஆண் தம்புராவின் மந்தரத் தந்தி செகண்டுக்கு ஏறக்குறைய 65 தடவை அதிர்கிறது. வகுத்துப் பார்த்தால் அந்த அலையின் நீளம் பதினேழடியும் சில அங்குலமும். அறையின் நீளமும் அதுவே! இணையாக எதிரெதிரே நிற்கும் இரண்டு கெட்டிச் சுவர்களுக்கிடையே அந்த அலை போய் மோதித் திரும்பி, தன்மேலேயே வந்து படிந்து, நகராமல் நின்றுவிடுகிறது. நின்ற அலைக்கு இரண்டு சுவரோரங்களிலும் நடுவிலும் உச்சம், அவற்றுக்கு இடையே கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் சூனியம். வெளிச்சத்தைப்போல ஒலியும் எங்கும் ஒரேமாதிரி பரவுகிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கீழ்ஸ்தாயி ஒலிகளைப் பொறுத்தவரை அது உண்மையன்று. ஒவ்வொரு அறைக்கும் அதன் நீள அகல உயரங்கள் விதித்த சுருதிகள் உண்டு. என் அறை, யாரும் கூட்டாமலே, ஒரு கட்டைக்குக் கூடிக் கிடந்தது. இயல்பில் அத்தந்தியின் அடிநாதம் மெல்லியது, மேலோசைகளே மிகுதி. அந்த மெல்லிய அடிநாதத்தைத்தான் அறை வாங்கிப் பெருக்கி, நான் முதுகு சாய்த்திருந்த இடத்தில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

அறை என்பது ஒலிக்கு வெறும் கூடு அல்ல, அதுவும் ஒலிக்கிறது என்ற இந்த ஞானத்தை அளந்து காட்டியவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895ல், அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு மண்டபத்தில் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை; ஒரு சொல் காற்றில் அடங்குவதற்கு ஐந்தரை செகண்டு பிடித்தது, அதற்குள் பேச்சாளர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லி முடித்துவிடுவார். அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளைஞரான சபைனிடம் வந்தது. ஊர் அடங்கிய பிறகு, அருகிலிருந்த சாண்டர்ஸ் நாடக சாலையின் ஆசன மெத்தைகளைத் தூக்கி வந்து மண்டபத்தில் பரப்புவார். ஆர்கன் வாத்தியத்தின் குழல் ஒன்றை ஊதி நிறுத்திவிட்டு, அந்த நாதம் காதுக்கு எட்டாமல் தேய்கிறவரை கடிகாரத்தில் நேரம் பார்ப்பார். இன்னும் சில மெத்தைகளைச் சேர்ப்பார், மறுபடி ஊதுவார். விடியுமுன் அத்தனையையும் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இப்படி எத்தனையோ இரவுகள். மண்டபத்தில் நிற்கும் மனித உடல்கூட ஒலியை விழுங்குகிறது என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். மண்டபத்தின் கனஅளவையும் அதற்குள் ஒலியை உறிஞ்சும் பொருள்களின் அளவையும் கொண்டு ஒலி தேயும் நேரத்தை முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் அந்த உழைப்பிலிருந்து பிறந்தது. அதை ஆதாரமாகக் கொண்டே 1900ல் பாஸ்டன் நகரின் சிம்ஃபனி மண்டபம் எழுந்தது. மெத்தையைத் தோளில் சுமந்துகொண்டு நள்ளிரவில் நடந்து போகும் அந்த மனிதரின் சித்திரம் என் மனத்தை விட்டு அகல்வதில்லை.

நாற்காலிக்கு இடம் பார்ப்பது எளிதாக முடிந்தது. குமுறல் உச்சமான சுவரோரமும் வேண்டாம், தந்தியே மறைகின்ற நாலேகால் அடியும் வேண்டாம், மறுபடி பெருகும் நடுப்பகுதியும் வேண்டாம். பின்சுவரிலிருந்து ஆறடியில் ஒரு கோடு போட்டார். பெட்டிகளுக்கு இடம் பார்ப்பதுதான் பெரும் அப்பியாசமாயிற்று. பெரியவர் செய்தது எனக்கு முதலில் ஏதோ அனுஷ்டானம்போலத் தோன்றியது. பெட்டி நிற்கவேண்டிய சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டு, நிதானமான குரலில் ‘தகதிமி தகஜணு’ என்று ஜதி சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே அங்குலம் அங்குலமாக முன்னே வந்தார். சுவரோரத்தில் அவருடைய குரல் குடத்துக்குள் பேசுவதைப்போல் கனத்திருந்தது. ஓரடி, இரண்டடி வரும்வரை அந்தக் கனம் கூடவே வந்தது. மூன்றடி அளவில், எந்தக் கணத்தில் என்று சொல்ல முடியாதபடி, குரலிலிருந்து சுவர் கழன்றது. அவருக்கே உரிய, கொஞ்சம் கரகரத்த, வயசான குரல் தனியாக நின்றது. காலடியில் சாக்குக் கட்டியால் கோடு இழுத்தார். பிறகு பக்கச் சுவரிலிருந்தும் அவ்விதமே சொல்லிக்கொண்டு வந்து, இரண்டரை அடியில் இன்னொரு கோடு.

பெட்டி எதிரே பார்த்துப் பாடினாலும் அதன் கீழ்ஸ்தாயி ஒலி எல்லாப் பக்கமும் பரவுகிறது; பின்னால் சென்று சுவரில் மோதித் திரும்பும் பங்கு, முன்னே செல்லும் பங்கோடு சேர்ந்துகொள்கிறது. பெட்டி சுவரை ஒட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே கிளம்பி, கீழ்ஸ்தாயியின் அழுத்தம் இரட்டிக்கிறது. மூலையில் வைத்தாலோ அதற்கும் மேல். மூன்றடி தள்ளி வைத்தால், போய்த் திரும்பும் ஆறடியில் ஒரு குறிப்பிட்ட சுரம், அதாவது ஏறக்குறைய 94 அதிர்வுள்ளது, எதிர்மாறாகத் திரும்பி வந்து தன்னைத்தானே கொஞ்சம் அழித்துக்கொள்கிறது. எந்தத் தூரத்துக்கும் ஏதாவது ஒரு சுரம் பலியாகத்தான் வேண்டும். அதனால் பின்சுவர், பக்கச் சுவர், தரை ஆகிய மூன்றுக்கும் ஊஃபரிலிருந்து உள்ள தூரம் சமமாக இருக்கலாகாது. சமமாக இருந்தால் மூன்று பள்ளங்களும் ஒரே சுரத்தில் விழும். அமெரிக்கப் பொறியாளர் ராய் ஆலிசன் 1974ல் இந்தச் சுவர்களின் பாதிப்பை ஆராய்ந்து ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார். மூலையை எல்லோரும் விரோதியாகக் கருதினார்கள் என்றும் சொல்வதற்கில்லை: 1946ல் பால் கிளிப்ஷ் என்பவர், அறையின் மூலைச் சுவர்களையே தம் ஸ்பீக்கரின் ஊதுகுழலுக்கு நீட்சியாகக் கொண்டு ஒரு பெட்டியைச் சமைத்தார், அது மூலைக்கென்றே பிறந்தது, என்னுடையது அப்படிப் பிறக்கவில்லை. எனவே பின்சுவருக்கு மூன்றடியும், பக்கச் சுவருக்கு இரண்டரையும், தச்சர் செய்துகொடுத்த முக்காலிகளின் மேல் ஏறியதில் தரைக்கு இரண்டடியுமாக என் பெட்டிகள் நிலைபெற்றன. உயர்ஸ்தாயி ஒலிக்கான ட்வீட்டர் என் காதின் உயரத்துக்கு வந்தது.

இடம் என்பது சங்கீதத்துக்குப் புறம்பான விஷயம் அல்ல என்பதை நம் கச்சேரி மேடையே அறியும். பாடகரின் இடப்பக்கத்தில் வயலின், வலப்பக்கத்தில் மிருதங்கம். அப்படி உட்கார்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கையால் வலந்தலை வாசித்தவரான பழனி சுப்பிரமணிய பிள்ளை மேடையேறினால் பக்கவாத்தியங்கள் இடம் மாற வேண்டியிருந்ததும், அது சிலருக்கு அசௌகரியமாகப் பட்டதும் அந்நாளைய ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். ஸ்டீரியோவில் பதிந்த ஒரு கச்சேரியைக் கேட்கும்போது, இந்த மேடை நம் முன் மறுபடியும் எழவேண்டும்: மிருதங்கம் நமக்கு இடக்கைப் பக்கம், வயலின் வலக்கைப் பக்கம், நடுவில், பெட்டியே இல்லாத வெற்றிடத்தில், பாடகர். இரண்டு பெட்டிகளால் இது எப்படிச் சாத்தியம் என்பதை முதலில் கண்டவர்களில் ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் தலையாயவர். சினிமாவில் நடிகர் திரையின் ஒரு கோடியில் இருக்க அவர் குரல் மறுகோடியிலிருந்து வருவதைக் கண்டு மனம் பொறாமல் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள்; 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்து பரவியது ஐம்பதுகளின் கடைசியில். அதைப் பார்க்க அவர் இல்லை, 1942ல் போர்க்காலப் பணியில் விமான விபத்தில் முப்பத்தெட்டு வயதில் இறந்துவிட்டார்.

வெற்றிடத்தில் குரலை நிறுத்தும் இந்த வித்தை மிகவும் மெல்லிய நூலில் தொங்குகிறது. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு காதை எட்டியபின் மறு காதை எட்ட ஆகும் தாமதம், அதிகபட்சமாக, ஒரு செகண்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அற்ப வித்தியாசத்தைக் கொண்டே திசையை அறிகிறோம். ஏழடி இடைவெளியில் நின்ற என் பெட்டிகளுக்கு நேர் நடுவில் உட்கார்ந்தால் பாடகர் நடுவில் இருந்தார். ஓரடி இடப்பக்கம் நகர்ந்தேன். இடப்பெட்டி அவ்வளவு கிட்டே வந்துவிட்டதால், அவர் கூட்டத்தோடு எழுந்து அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்ப நடுவுக்கு வந்தால் அவரும் வந்தார். பழைய மோனோ தட்டுகளில் இந்தப் பரீட்சை இன்னும் கறாரானது. இரண்டு பெட்டிகளும் ஒன்றையே சொல்லும்போது குரல் ஒரு சாண் அகலத்துக்குள் நடுவில் குவிந்து நிற்கவேண்டும். அது பரந்து மங்கினால் எங்கோ ஓர் அங்குலம் பிசகியிருக்கிறது. பெட்டிகளின் முகத்தை என்னை நோக்கிச் சற்றே உள்புறம் திருப்பியபோது குரல் இன்னும் குவிந்தது. நேராக என்மேல் திருப்பியபோதோ தாளத்தட்டும் கஞ்சிராவின் சில்லும் காதைக் குத்தின. பாதித் திருப்பலில் விட்டோம்.

மறுநாள் என் பேத்தி முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி நகர்த்திக்கொண்டு போனாள். நான் நாற்காலியில் இருந்தேன். கண்ணாடிக்குள் ட்வீட்டர் எனக்குத் தெரிந்த இடத்தில் “அங்கேயே நில்லம்மா” என்றேன். ஒளி பட்டுத் திரும்புவது போலவே அந்த உயர்ஸ்தாயி ஒலியும் அங்கே மோதித்தான் என்னிடம் வருகிறது. நேரே வரும் ஒலியைவிடச் சுமார் மூன்றடி சுற்றி, செகண்டில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவான தாமதத்தோடு வருகிறது. இவ்வளவு சிறு தாமதத்தில் வரும் எதிரொலியைச் செவி தனி ஒலியாகக் கேட்பதில்லை, முதலில் வந்ததோடு சேர்த்துக்கொண்டு, திசையை முதல் ஒலியிடமிருந்தே வாங்குகிறது என்று 1949ல் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் ஹெல்முட் ஹாஸ் நிறுவினார். நம் செவியின் இந்தக் கருணை இல்லாவிட்டால் எந்த வீட்டிலும் பேச்சே விளங்காது. ஆயினும் அந்த எதிரொலி தன் சாயத்தை ஏற்றாமல் விடுவதில்லை. ஒரு பக்கம் ஜன்னல் திரை போட்டோம். மறுபக்கம், அந்த இடத்தில் இருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவுகளைப் பாட்டுக் கேட்கும் வேளைகளில் திறந்து வைப்பதென்று ஏற்பாடாயிற்று. ஏறுக்குமாறாக அடுக்கிய புத்தகங்களின் முதுகில் பட்டு ஒலி சிதறிவிடுகிறது. தரையில் ஜமுக்காளம் விரித்தோம். அது உச்ச ஒலிகளின் கூர்மையைத்தான் தணிக்கும். பதினேழடி நீளமுள்ள அலைக்கு ஜமுக்காளம் ஒரு பொருட்டல்ல.

ஆனால் பெட்டிகள் அறைக்குள் மூன்றடி வந்து நிற்பதை ஒரு வீடு பொறுத்துக்கொள்ள வேண்டுமே! என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தினமும் காலையில் அறையைப் பெருக்கித் துடைக்கும்போது அவை பழைய மூலைக்குப் போயின, அவ்வளவுதான். துடைக்கும் ஈரத்தில் சாக்குக் கோடுகளும் அழிந்துபோகும். ஒவ்வொரு மாலையும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குனிந்து அளப்பேன். அதைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வர்ணத்தில் ஈர்க்குச்சியைத் தோய்த்து, முக்காலிகளின் கால்கள் நிற்குமிடங்களிலும் நாற்காலியின் கால்கள் நிற்குமிடங்களிலும் கோலப்புள்ளிபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்துவிட்டாள். மொத்தம் பத்துப் புள்ளிகள். அன்றிலிருந்து, தரை காய்ந்ததும், என் மனைவியே முக்காலிகளைப் புள்ளிமேல் நகர்த்தி நிறுத்திவிடுகிறாள்.

சென்ற தை மாதத்தில் வீட்டில் ஒரு கல்யாணம். வந்த உறவினர்களுக்காகப் பரணிலிருந்து இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி, அவர்கள் ஊருக்குப் போனபின், சுருட்டிய மெத்தைகளைப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்த இரண்டு மூலைகளிலும் ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். அன்றிரவு ஏதோ ஒரு தட்டைப் போட்டபோது மிருதங்கத்தின் தொப்பி முன்னைவிட ஒரு சுற்று இளைத்துக் கேட்டது. ‘தொம்’ விழுந்த இடமும் அது நின்ற இடமும் தெரிந்தன. மெத்தைகளை வெளியே எடுத்துக் கேட்டேன், உள்ளே வைத்துக் கேட்டேன்; சந்தேகமில்லை. பெரியவருக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போதெல்லாம் அவருக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம், ஆனாலும் வந்தார். மந்தர சட்ஜத்தின் அலைக்கு இந்தப் பஞ்சு எம்மாத்திரம், அதற்கு நாற்காலியின் இடம்தான் மருந்து, அதற்கு மேலே இருக்கிற ஒலிகளை மெத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும் என்று, மூலையில் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு பத்துப் புள்ளிகளையும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஊசியைத் தட்டின் ஓரத்தில் இறக்கிவிட்டு ஜன்னலருகே நின்றேன். நின்ற இடத்தில் எனக்கு ஒரு பெட்டி மட்டுமே கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, வலக்கையின் நான்கு விரல்களையும் நாற்காலியின் கைப்பிடிமேல் ஒன்றன்பின் ஒன்றாக, மீட்டலோடு சேர்ந்து, மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தார்.